சந்திரிகா கையில் இருந்த முடி

என் வீட்டுக்காரரைக் கொலைகாரன் என்று முதன்முதலில் சொன்ன பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. கிஷன் என்று பெயர். கோலாலம்பூரில் ஏதோ ஓர் அறையில், பின்னால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றி வீடியோ போடுகிறவன். "வணக்கம் மக்களே, இன்னைக்கு நம்ம கேஸு பினாங்கு, ஆயர் ஈத்தாம்" என்று அவன் ஆரம்பித்தபோது நான் வேலை முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வந்துகொண்டிருந்தேன். பார்த்தது என் போனில் இல்லை, முன் இருக்கைப் பெண்ணின் போனில். அதில் என் வீட்டுக்காரர் சதீசன், மாப்பிள்ளைக் கோலத்தில் இளமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் இல்லை. சந்திரிகா இருந்தாள்.

சந்திரிகாவைப் பற்றி எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். சதீசனே சொன்னார். அவருக்கு நிச்சயமான பெண். ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டில் தனியாகத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் தன் சமையலறைத் தரையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தாள். கதவு உடைபடவில்லை, நகை போகவில்லை. செய்தது யார் என்று போலீசுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சதீசன் அன்றைக்குப் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார், அதனால் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்து, "இஷ்டம் இருந்தா கட்டிக்க, இல்லாட்டி வேணாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காகவே நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆறிக் கிடந்ததை அந்தப் பையன் கிளறிவிட்டான். அப்புறம் அவன் வேண்டியதே இல்லை, சனங்கள் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள் எல்லாம் டிஎன்ஏ பற்றிப் பாடம் நடத்தினார்கள். செத்தவளின் நகத்துக்கு அடியில் சதீசனின் தோல் இருந்ததாம், போலீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறதாம். யார் பார்த்தது என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியும்" என்று பதில். ஷிப்டில் இருந்தாரே என்றால், "பஞ்ச் கார்டை கூட்டாளி அடிச்சிருப்பான் லா" என்று ஒருவன் எழுதினான். அதற்கு ஆயிரக்கணக்கில் லைக்.

இதுவரைக்கும் எனக்குக் கோபம்தான். பயம் வந்தது உறிஞ்சு குழாயைப் பார்த்த பிறகு. சதீசன் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து ஐஸ் டீ குடித்திருக்கிறார். அவர் எழுந்து போனதும் யாரோ அந்த உறிஞ்சு குழாயை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் படம் பிடித்து, "சாம்பிள் கிடைச்சிருச்சு" என்று போட்டிருந்தான். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் குப்பைப் பை காணாமல் போனது. மறுபடியும் போனது. டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் எங்கள் வரிசையில் எல்லார் வீட்டுக் குப்பையும் அப்படியே இருக்க, எங்களுடையது மட்டும் விடிவதற்குள் மாயமாகிவிடும். எடுத்தவன் யார், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. நாங்கள் வெட்டிப் போட்ட நகத்தையும் துடைத்துப் போட்ட காகிதத்தையும் முகம் தெரியாத ஒருவன் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். சீப்பில் சிக்கிய முடியைக்கூடக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தொழிற்சாலையில் சதீசனைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் விடுப்பில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜொகூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் சுதர்ஷினி, "அம்மா, நான் பேரை மாத்திக்கட்டுமா?" என்று போனில் அழுதாள். சதீசன் சாப்பிடுவதைக் குறைத்தார், பேசுவதை நிறுத்தினார். கூடத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் கண்ணெதிரே ஒரு நல்ல மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கிற ரகம் இல்லை நான்.

அதனால் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில், 'ஹனா' என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். நாலு வரி எழுதினேன். என் உறவுக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். இறந்தவளின் கையில் நீளமான முடி இருந்தது. டிஎன்ஏ பார்த்ததில் சீனப் பெண் என்று வந்தது. ஏனோ அதை வெளியே விடவில்லை. அவ்வளவுதான்.

ஏன் சீனப் பெண் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆண் என்று எழுதினால் சுற்றிச் சுற்றிச் சதீசனிடமே வருவார்கள். தமிழ்ப் பெண் என்றால் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவார்கள். மலாய்க்காரர் என்றால் வேறு வம்பு வரும். எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரில் அப்படி ஒருத்தியை நினைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் எழுதியது நாலு வரி. பெர்ரி கரை சேர்வதற்குள் அது நாற்பது வரி ஆகியிருந்தது. முடி இடுப்பளவு நீளம் என்றார் ஒருவர். சாயம் பூசியது என்றார் இன்னொருவர். வலது கையில் சுற்றியிருந்தது, விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள் என்று ஒருவர் எழுதினார். தன் சித்தப்பா போலீசில் இருந்தவர் என்றும் அந்த முடியைத் தன் கையால் உறையில் போட்டவர் என்றும் ஒருத்தி சத்தியம் செய்தாள். கற்பனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், படிக்கப் படிக்க அந்தக் கையும் அதில் சுற்றிய முடியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நிஜமாகவே இருந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வித்தை பலித்தது. ஒரே வாரத்தில் சதீசனை விட்டுவிட்டார்கள். "அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறோம்" என்று கிஷன் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வீடியோ போட்டான். குப்பை இருந்த இடத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. நான் சதீசனிடம் அந்த வீடியோவை நீட்டியபோது, அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "முடின்னா சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார். எழுதியது நான்தான் என்று பெருமையாக வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி என்றால் சதீசனின் அம்மா, ஞானாம்பிகை. இந்தத் தீவில் மிச்சம் இருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் மாமியை மிஞ்சி யாரும் இல்லை. பேச்சு எங்களைப் போல மாறிவிட்டாலும், நாங்கள் 'ஆமா லா' என்கிற இடத்தில் மாமி 'ஓம்' என்பார். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. காலையில் சிவபுராணம், நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், கொண்டையில் பூ. தேங்காய்ப்பால் சொதியில் எலுமிச்சை கொஞ்சம் கூடினால்கூட, "இது எங்கட ஆக்கள் வைக்கிற சொதியோ?" என்று கேட்டு என் மானத்தை வாங்கிவிடுவார். ஆனால் சுதர்ஷினி பிறந்தபோது எனக்குப் பத்தியம் வைத்து, என் தலையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தவரும் அவர்தான். என் சொந்த அம்மாவைவிட அவரிடம்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன், அதிகம் அழுதும் இருக்கிறேன்.

முடிக் கதை கோயில் பெண்களின் வாட்ஸாப் வழியாக மாமிக்கும் வந்தது. படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் பிள்ளை, செத்தவ கையில இருந்த முடி இத்தனை வருஷம் கெட்டுப் போகாதா?"

"போகாதாம் மாமி. பத்திரமா வச்சிருந்தா அப்படியே இருக்குமாம்."

"வச்சிருப்பாங்களா?"

"வச்சிருப்பாங்க லா," என்றேன். என் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

அதற்குப் பிறகு குளியலறைச் சாக்கடையில் ஒரு முடிகூட இருப்பதில்லை. மாமியின் மரச்சீப்பு காணாமல் போய், பிளாஸ்டிக் சீப்பு வந்தது, பிறகு அதுவும் போனது. அவருடைய தலையணைக்கு உறை தினமும் மாறியது. ஒரு நாள் பின்கட்டிலிருந்து நாற்றம் வந்தது. முடி பொசுங்குகிற நாற்றம் ஒரு தரம் மூக்கில் ஏறினால் சோற்றிலும் வரும், துணியிலும் வரும். போய்ப் பார்த்தேன். மாமி ஒரு பழைய பெயின்ட் டின்னில் எதையோ எரித்துக்கொண்டு, குச்சியால் கிளறியபடி குந்தியிருந்தார்.

"குப்பையில எடுக்கிறானுங்களே," என்றார் திரும்பாமலே. "என் முடிய எடுத்துட்டுப் போய் சதீசன் மேல ஏதாச்சும் சோடிச்சா என்ன பண்றது?"

வயதானவருக்கு எவ்வளவு புத்தி என்று நான் வியந்தேன். உண்மையிலேயே வியந்தேன்.

அடுத்த கிருத்திகைக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவரைப் பார்த்து எனக்குக் கையில் இருந்த தட்டு நழுவியது. மொட்டை. எங்கள் குடும்பங்களில் பெண்கள் மொட்டை போட்டுக்கொள்கிற வழக்கம் இல்லை. தைப்பூசத்தில் போடுகிறவர்களைப் பார்த்தே மாமி உதட்டைச் சுழிப்பார். "சதீசனுக்கு வந்த கண்டம் போச்சு. நேர்ந்துக்கிட்டேன்," என்றார். சந்தனம் பூசிய மண்டையைத் தடவிக்கொண்டு அறைக்குள் போனார். சதீசன் அம்மாவைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை கிஷன் ஆயர் ஈத்தாமிலிருந்து நேரலை போட்டான். சந்திரிகா இருந்த பிளாட்டுக்குக் கீழே ஒரு காப்பிக் கடை. அதை நடத்தும் சீன ஆன்ட்டி அந்தக் காலத்தில் சந்திரிகாவோடு மேலிருந்து தண்ணீர் கொட்டியதற்காகச் சண்டை போட்டிருக்கிறாராம். அது போதாதா? "மக்களே, இங்க ஒரு சீன ஆன்ட்டி, அப்போ இவங்களுக்கு நீளமான முடி" என்று அவன் போனை அந்த மனுஷி முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, மலாயில் "தாக் தாவு, தாக் தாவு" என்றார். தெரியாது, தெரியாது. யாரோ ஏப்ரனைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கணம் அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. நெற்றி, கன்ன எலும்பு, கீழுதட்டை உள்ளே மடித்து அழுகையை அடக்குகிற விதம்.

எனக்கு இந்த முகத்தைத் தெரியும் என்று தோன்றியது. எங்கே பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்று நினைத்தபடியே நிமிர்ந்தேன்.

எதிரே மாமி உட்கார்ந்து தன் போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டை இல்லை. பூ இல்லை. குளித்துவிட்டு வந்திருந்ததால் விபூதியும் இல்லை, குங்குமமும் இல்லை. முகம் மட்டும் இருந்தது. கீழுதட்டை உள்ளே மடித்திருந்தார்.

ஒன்றை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒளிக்கவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. மாமி சீன வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இந்த ஊரில் இது நடப்பதுதான். ஆகாத வருஷத்தில் பெண் பிறந்தால், வளர்த்தால் வீட்டுக்கு ஆகாது என்று சீனர்கள் குழந்தையைத் தமிழ் வீடுகளில் கொடுத்துவிடுவார்கள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த விநாசித்தம்பிக்குப் பிள்ளை இல்லை. ஆயர் ஈத்தாமில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு மாதக் குழந்தையை வாங்கி வந்து, ஞானாம்பிகை என்று பெயர் வைத்து, தேவாரம் சொல்லிக் கொடுத்து, தன் ஆட்களிலேயே கட்டிக் கொடுத்தார். கல்யாணம் ஆகி வந்த புதிதில் இது எனக்குத் தெரியும். வருஷம் போகப் போக, தெரியும் என்பதே மறந்துபோனது. 'சீனப் பெண்' என்று என் விரல் தட்டியபோது நான் இந்த ஊர் முழுக்கத் தேடினேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"பிள்ளை," என்றார் மாமி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "முடி எந்தக் கையில இருந்துச்சுன்னு எழுதியிருக்கான்?"

"வலது கைன்னு."

"பொய். அவ இடது கையாலதான் பிடிச்சா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முடி இருந்தது என்பது என் கற்பனை. அதற்கு வலது கை கொடுத்தவன் இன்னொரு மூடன். ஆனால் அந்தப் பொய்யைத் திருத்துவதற்கு இந்த உலகத்தில் ஓர் ஆள் இருந்தார், என் எதிரே.

மாமியாகவே சொன்னார், கடையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கல்யாணம் வேணாம்னு அவ சொல்லிட்டா. ஈப்போவுல அவ பெரியப்பா ஒத்துக்கலையாம். பேசிப் பார்க்கலாம்னு போனேன். பலகாரம் எல்லாம் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். 'நீங்க சீனத்தி, உங்க பெத்தவங்க யாருன்னே தெரியாது, நாளைக்கு என் பிள்ளைக்கு நான் என்னன்னு சொல்றது'ன்னா. நான் விநாசித்தம்பி மகள்னு சொன்னேன். சிரிச்சா. பிடிச்சுத் தள்ளிட்டேன். அவ என் தலையைப் பிடிச்சா, இடது கையால. திருப்பித் தள்ளினேன். சிங்க் ஓரத்துல பின்னந்தலை பட்டுச்சு."

"மாமி, அது தவறிப்போய்..."

"தண்ணி கேட்டா," என்றார் மாமி. "பக்கத்துலதான் பைப்பு. நான் குடுக்கல. அவ கேக்கறது நிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பலகாரத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

போனில் அந்தக் காப்பிக் கடைப் பெண் இன்னமும் 'தாக் தாவு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி அதை அணைத்தார். என்னைப் பார்த்து, ஏறக்குறைய அன்பாகச் சொன்னார்: "சீனத்தின்னு எழுதினவுடனே முதல்ல பயந்துட்டேன். அப்புறம் பயம் போயிருச்சு. யாருமே இந்தப் பக்கம் திரும்பல, பார்த்தியா? என்னை யாரும் அப்படி நினைக்கல."

சதீசன் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. நான் அவரை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான்தான் ஹனா என்று சொன்னேன், அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் கத்துவார், அழுவார், இல்லை என்று மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ ஏன் முடின்னு எழுதின?" என்றார். "வேற எதையாச்சும் எழுதியிருக்கலாமே, தர்மினி."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. சந்திரிகா செத்த அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் முடி பிய்ந்து ரத்தம் கன்றிய இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. மறுநாள் போலீஸ் வந்தபோதும் கேட்கவில்லை. "கேட்டா சொல்லிருவாங்களே," என்றார். "சொல்லிட்டா நான் என்ன பண்றது?" எந்த மனுஷனின் நேர்மைக்காக நான் கழுத்தை நீட்டினேனோ, அந்த மனுஷன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார். அவரை அடிக்கத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

"அம்மாவ விட்டுடு," என்றார். "எல்லாம் அடங்கிப்போச்சு. நம்ம பேரும் சுத்தமாயிருச்சு. அதுக்குத்தானே எழுதின?"

அதற்குத்தான் எழுதினேன். ஆனால் அடங்கவில்லை. மறுநாள் ஆயர் ஈத்தாமில் அந்தக் காப்பிக் கடைக் கதவில் சிவப்புப் பெயின்ட் வீசியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆன்ட்டியின் மகன் கேமராவைப் பார்த்து, அம்மா சாப்பிடுவதில்லை, சன்னலைத் திறப்பதில்லை என்று சொன்னான். அவர் வீட்டுக் குப்பைப் பை காணாமல் போகிறதாம். நான் ஹனாவாக மறுபடி எழுதினேன்: முடி எதுவும் கிடையாது, எல்லாம் நான் கட்டிய கதை, அந்த அம்மாவை விட்டுவிடுங்கள். ஒருவரும் நம்பவில்லை. "பாவம் ஹனா, மிரட்டியிருக்காங்க" என்றார்கள். "அப்போ பெரிய ஆளுங்க இதுல இருக்காங்க" என்றார்கள். பொய்யைச் சொன்னபோது உடனே நம்பியவர்கள், அது பொய் என்று நானே சொன்னதை நம்ப மறுத்தார்கள். நான் உண்டாக்கிய அந்த முடி என் கையை விட்டுப் போய் எங்கேயோ தானாக வளர்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மாமி எனக்குக் குழம்பு ஊற்றினார், "ஏன் பிள்ளை, கறி பிடிக்கலையா?" என்று கேட்டார். அவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கிஷன் ஒரு படத்தைப் போட்டான். சந்திரிகாவின் உறவுக்காரர் யாரோ கொடுத்த, வெட்டாத முழு நிச்சயதார்த்தப் படம். சதீசனும் சந்திரிகாவும் முன்னால். பின்னால் பெண்கள் வரிசை. அதில் ஒரு தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். பட்டுப்புடவை, நீளமான முடி. படம் பழசாகி வெளுத்துப்போனதில் நெற்றியில் பொட்டு தெரியவில்லை. கீழே ஒரே கேள்வி: "தமிழர் நிச்சயதார்த்தத்தில் இந்தச் சீனத்தி யார்?"

சதீசன் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. யாரோ பக்கத்து வீட்டு சீனத்தின்னு நினைச்சுக்குவாங்க. சும்மா இருந்தா போயிரும்."

சாமியறையில் சிவபுராணம் நின்றது. மாமி போனோடு வெளியே வந்தார். கோயில் பெண்கள் அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். அவர் முகத்தை அப்படி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பயம் அதில் கொஞ்சமும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

"என்னையா சொல்றான்?"

"விடுங்க அம்மா," என்றார் சதீசன்.

"என்னைப் பார்த்து சீனத்தின்னு எழுதியிருக்கான். ஊரே பார்க்கிற மாதிரி. அவளும் இதையேதான் சொன்னா." போனை என்னிடம் நீட்டினார். "எனக்கு இதுல அடிக்க வராது பிள்ளை. அவன் படத்துக்குக் கீழ நான் சொல்றதை அடி. 'அது சீனத்தி இல்லை.' போட்டியா? 'அது நான். கிளார்க் விநாசித்தம்பியின் ஒரே மகள், ஞானாம்பிகை.' அப்படியே போடு. என் பேர்லயே போகணும்."

"தர்மினி, அனுப்பாத," என்றார் சதீசன். "அம்மா, உங்களுக்குப் புரியல. அனுப்பினா எல்லாம் போயிரும்."

"எது போனாலும் போகட்டும்," என்றார் மாமி. "என் அப்பா பேரு போகக்கூடாது."

அவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு நன்றாகப் புரிந்தது. போனைக் கீழே வைத்திருக்கலாம், நெட் இல்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். சதீசன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலிக்கும்படி. அந்த நேரத்தில் நான் நினைத்தது அவரையும் இல்லை, மாமியையும் இல்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் காப்பிக் கடைப் பெண்ணைத்தான் நினைத்தேன். இன்னொரு கையால் அனுப்பினேன்.

சதீசன் என் கையை விட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி புடவைத் தலைப்பால் மொட்டைத் தலையை மூடிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. போன் அதிர்ந்தது. உடனே இன்னொரு தடவை அதிர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் மாமி. "சத்தமா வாசி."

முதலில் வந்ததை நான் வாசித்தேன். ஆயர் ஈத்தாமிலிருந்து யாரோ எழுதியிருந்தார்: "இந்த அம்மாவை எங்களுக்குத் தெரியும். தமிழ்க்காரங்க எடுத்து வளர்த்தாங்க. பொறந்தது சீன வீட்டுலதான்."

மாமி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "மிச்சத்தையும் வாசி, பிள்ளை," என்றார்.